வேலியில் இருந்த கள்ளி வீட்டுக்குள் வந்தது!
நல்லதா? கெட்டதா? ஓர் அலசல்

கோவைக்கு வடக்கே, சத்தி ரோட்டில் இருக்கிறது சரவணம்பட்டி. ஒரு காலத்தில் அது மானாவாரிக் காடு சூழ்ந்த ஊர். சோளமும் கம்பும் விளைந்த பூமி. 2011-ல் கோவை மாநகராட்சியோடு சேர்ந்தது. இன்று அங்கே கம்ப்யூட்டர் கம்பெனிகள். வானம் தொடும் அடுக்கு மாடி வீடுகள்.

காட்டுக்கு அந்தக் காலத்தில் வேலி எது? கள்ளி! ஆடு மாடு நுழையாமல் கள்ளியை நட்டார்கள். தண்ணீர் விட வேண்டியது இல்லை. காவல் காக்க ஆளும் வேண்டாம்.

காடு மனையாகிவிட்டது. வேலியும் போய்விட்டது. ஆனால் கள்ளி போகவில்லை. இன்று அது தொட்டியில் ஏறி, பால்கனியில் உட்கார்ந்து இருக்கிறது. வேலியில் சும்மா கிடைத்த செடியை, இன்று காசு கொடுத்து வாங்குகிறார்கள்!

சிலர் தூண் போல உயர்ந்து வளரும் கள்ளிகளைத் தேடித் தேடிச் சேர்க்கிறார்கள். வெளிநாட்டில் இருந்து விதை தருவிக்கிறார்கள். ஒரு கள்ளியின் மகரந்தத்தை இன்னொரு கள்ளிக்கு வைத்து, புது ரகம் உண்டாக்கப் பார்க்கிறார்கள்.

நல்ல பொழுதுபோக்குதான். ஆனால் இதன் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. ஒரு புதிய ஆபத்தும் இருக்கிறது. இரண்டையும் தெரிந்துகொள்வது நல்லது.

எது கள்ளி?

தமிழில் முள்ளும் சதையும் உள்ள செடி எல்லாம் கள்ளிதான். சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இலைக்கள்ளி, சப்பாத்திக்கள்ளி என்று பல பெயர்கள். ஆனால் விஞ்ஞானிகள் இவற்றை இரண்டு குடும்பமாகப் பிரிக்கிறார்கள்.

சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இலைக்கள்ளி மூன்றும் ஒரு குடும்பம். ஆமணக்குக்குச் சொந்தம். சப்பாத்திக்கள்ளி வேறு குடும்பம். அதன் பூர்வீகம் அமெரிக்கா. ஆங்கிலத்தில் "காக்டஸ்" என்று சொல்வது இந்த இரண்டாவது குடும்பத்தைத்தான்.

காக்டஸ் குடும்பம் முழுவதுமே அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தது. ஒரே ஒரு ஜாதி மட்டும் விலக்கு. அது மரத்தில் தொங்கி வளரும் கள்ளி. ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் தானாகவே வளர்கிறது.

சதுரக்கள்ளியும் தூண் போலத்தான் நிற்கிறது. அமெரிக்கத் தூண் கள்ளியும் தூண் போலத்தான் நிற்கிறது. எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பது?

முதலாவது, பால். சதுரக்கள்ளியில் சிறு கீறல் பட்டாலும் வெள்ளைப் பால் வடியும். அமெரிக்கத் தூண் கள்ளியில் பால் வராது.

இரண்டாவது, முள். சதுரக்கள்ளியில் முள் இரண்டு இரண்டாக இருக்கும். அமெரிக்கக் கள்ளியில் முள் முளைக்கும் இடத்தில் பஞ்சு போல ஒரு சிறு திண்டு இருக்கும். அந்தத் திண்டில் இருந்து பல முட்கள் கொத்தாகக் கிளம்பும்.

மூன்றாவது, பூ. சதுரக்கள்ளியின் பூ மிகச் சிறியது. அமெரிக்கத் தூண் கள்ளியின் பூ கை அகலம் கூட இருக்கும். பெரும்பாலும் இரவில் மலரும். காலையில் வாடிவிடும்.

தாய்மார்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பால் வரும் கள்ளி ஆபத்தானது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு வரும். சோதித்துப் பார்க்கிறோம் என்று குழந்தைகளைக் கிள்ள விடாதீர்கள். தவறிக் கண்ணில் பட்டுவிட்டால், உடனே சுத்தமான தண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள். தாமதம் செய்யாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

150 வருஷம் வாழும் தூண்

தூண் கள்ளிகளில் பெயர் பெற்றது "சகுவாரோ". அமெரிக்காவில் அரிசோனா பாலைவனத்திலும், அதை ஒட்டிய மெக்சிகோவிலும் வளர்கிறது. 40 அடி உயரம் போகும். 150 வருஷத்துக்கு மேலும் வாழும்.

ஆனால் அது வளரும் வேகம் ஆமை வேகம். முதல் 8 வருஷத்தில் ஒன்று, ஒன்றரை அங்குலம்தான் வளரும்! கை போன்ற கிளை விடவே 50 முதல் 75 வருஷம் ஆகும். தாத்தா நட்டால் பேரன்தான் கிளையைப் பார்ப்பான்.

தண்ணீர் இல்லாத பாலைவனத்தில் அது எப்படி உயிர் வாழ்கிறது? மற்றச் செடிகள் பகலில் இலையின் துவாரங்களைத் திறந்து காற்றை இழுக்கும். அப்போது உள்ளே இருக்கும் தண்ணீரும் ஆவியாகப் போய்விடும். கள்ளியோ பகலில் துவாரங்களை மூடிக்கொள்ளும். இரவில் குளிர்ந்த பிறகுதான் திறக்கும். அதனால் தண்ணீர் மிச்சம்.

இரவே குளிராவிட்டால் என்ன ஆகும்? 2023 ஜூலையில் அரிசோனாவில் உள்ள பீனிக்ஸ் நகரில் அதுதான் நடந்தது. தொடர்ந்து 31 நாள் வெயில் 110 டிகிரி பாரன்ஹீட்டை எட்டியது, அல்லது தாண்டியது. இரவிலும் சூடு தணியவில்லை. சகுவாரோக்கள் கிளை முறிந்தன. சில அடியோடு சாய்ந்தன.

பாலைவனத்துச் செடிக்கே சூடு தாங்கவில்லை! சிமெண்டுச் சுவர் பகலெல்லாம் காய்ந்து இரவில் அனல் கக்கும் நம் ஊர் மாடிகளுக்கும் இதில் பாடம் உண்டு. "கள்ளிதானே, எந்த வெயிலும் தாங்கும்" என்று நினைக்கக் கூடாது.

சாயத்துக்கு வந்த கள்ளி

இனி நமது பழைய கதைக்கு வருவோம்.

சப்பாத்திக்கள்ளியில் ஒரு சிறு பூச்சி வாழ்கிறது. அதன் பெயர் கொச்சினீல். வெள்ளைப் பஞ்சு போல ஒட்டிக்கொண்டு இருக்கும். நசுக்கினால் ரத்தச் சிவப்பாகச் சாயம் வரும். அந்தச் சாயம் மெக்சிகோவில் இருந்து ஐரோப்பாவுக்குப் போனது. ஸ்பெயின் நாடு அதில் கொழுத்த லாபம் சம்பாதித்தது. பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளின் சிவப்புக் கோட்டுக்கு நிறம் கொடுத்தது இந்தப் பூச்சிதான்.

"நாமும் இதை இந்தியாவில் வளர்த்தால் என்ன?" என்று கிழக்கு இந்தியக் கம்பெனி ஆசைப்பட்டது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற டாக்டர் சென்னையில் சைதாப்பேட்டைப் பக்கம் ஒரு கள்ளித் தோட்டமே போட்டார். தோட்டம் தயார். பூச்சிதான் வேண்டும்.

1795-ல் காப்டன் நீல்சன் என்பவர் பிரேசிலில் இருந்து கல்கத்தாவுக்குப் பூச்சியைக் கொண்டு வந்தார். நல்ல சாயப் பூச்சி என்று நினைத்துத்தான் கொண்டு வந்தார். ஆனால் அது வேறு ஜாதி! அதன் சாயம் மட்டம். சாய வியாபாரம் படுத்துவிட்டது.

ஆனால் அந்தப் பூச்சி எதிர்பாராத ஒரு வேலை செய்தது. ஒரு வகைக் கள்ளியை வேரோடு அழித்தது. அதைப் பார்த்து, 1836 முதல் 1838 வரை தென்னாட்டுக்கும் அந்தப் பூச்சியைக் கொண்டு வந்தார்கள். பூச்சியை விட்டுக் களையை ஒழிப்பது என்ற முறை உலகத்திலேயே முதன் முதலாக நடந்தது இந்தியாவில்தான்.

அதோடு கதை முடிந்ததா? இல்லை. தென்னாட்டில் இன்னொரு வகைச் சப்பாத்திக்கள்ளி இருந்தது. பழம் தின்றால் நாக்குச் சிவக்குமே, அந்தக் கள்ளிதான். பிரேசில் பூச்சி அதைத் தொடவே இல்லை. அது தமிழ்நாடு எங்கும் பரவியது. மேய்ச்சல் காட்டை மூடியது. வண்டிப் பாதையை அடைத்தது. பாம்புக்கும் பன்றிக்கும் வீடானது. வெட்டிப் போட்டால், வெட்டிய துண்டு ஒவ்வொன்றும் வேர் விட்டு முளைத்தது!

1926-ல்தான் விடிவு வந்தது. இலங்கையில் இருந்து வேறு ஜாதிக் கொச்சினீல் பூச்சியைக் கொண்டு வந்தார்கள். அது இந்தக் கள்ளியைத் தின்றது. ஐந்து, ஆறு வருஷத்தில் சுமார் 40,000 ஹெக்டேர் நிலம் கள்ளியில் இருந்து மீண்டது. அதாவது சுமார் ஒரு லட்சம் ஏக்கர்!

1836-க்கும் 1926-க்கும் நடுவே 90 வருஷம். இந்தக் கள்ளிக்கு இந்தப் பூச்சிதான் என்று தெரிய அத்தனை காலம் ஆயிற்று. செடியின் பெயரையும் ஜாதியையும் சரியாக அறிவது வெறும் படிப்பாளிகளின் வேலை அல்ல. விவசாயியின் நிலமே அதில் அடங்கி இருக்கிறது.

மற்ற நாடுகளில்

ஆஸ்திரேலியாவின் கதை இன்னும் பெரியது. அங்கே சப்பாத்திக்கள்ளி சுமார் 6 கோடி ஏக்கரைப் பிடித்துக்கொண்டது. குடியானவர்கள் நிலத்தை விட்டு ஓடினார்கள். 1926 முதல் அர்ஜென்டினாவில் இருந்து வந்த ஒரு அந்துப்பூச்சியை விட்டுத்தான் அதை அடக்கினார்கள். நன்றிக்காக, பூனார்கா என்ற ஊரில் அந்தப் பூச்சியின் பெயரிலேயே ஒரு மண்டபம் கட்டினார்கள்!

"அது சப்பாத்திக்கள்ளி. நாங்கள் வளர்ப்பது தூண் கள்ளி" என்று சிலர் சொல்லலாம். தென் ஆப்பிரிக்காவைப் பாருங்கள். பிரேசில் நாட்டுத் தூண் கள்ளி ஒன்றை அழகுக்காக அங்கே நட்டார்கள். இரவில் வெள்ளைப் பூ பூக்கும் ராணி என்று கொண்டாடினார்கள். பழத்தைப் பறவைகள் தின்றன. விதை காட்டில் விழுந்தது. இன்று அது அந்த நாட்டுச் சட்டத்தில் ஒழிக்க வேண்டிய களை!

அதை அடக்க அங்கே ஒரு மாவுப்பூச்சியை விட்டார்கள். நல்ல பலன் கிடைத்தது. ஆனால் அதே இனத்தைச் சேர்ந்த மாவுப்பூச்சி, போர்ட்டோ ரிக்கோ தீவில் தானாகவே நுழைந்தது. அங்கே உள்ள சொந்த நாட்டுத் தூண் கள்ளிகளைச் சாகடித்து வருகிறது. ஓர் ஊரில் நண்பன், இன்னோர் ஊரில் எமன்!

நமக்கும் இது பொருந்தும். வறட்சியில் மாட்டுக்குத் தீனியாக முள் இல்லாத சப்பாத்திக்கள்ளியைப் பயிர் செய்யலாம் என்று மத்திய அரசு 2022 முதல் முயற்சி எடுக்கிறது. அந்தக் கள்ளியில் பெரும்பகுதி தண்ணீர். பிரேசிலில் வறண்ட பகுதிகளில் மாடுகளுக்கு அதுதான் தீனி. நல்ல யோசனைதான். ஆனால் 1926-ல் நாம் விட்ட அதே ஜாதிப் பூச்சிதான் பிரேசிலில் தீனிக் கள்ளியை நாசம் செய்தது. 2014-ல் மொராக்கோவில் கண்டுபிடிக்கப்பட்டு, அந்த நாட்டுக் கள்ளித் தோட்டங்களையும் அழித்தது. பூச்சி தாங்கும் ரகமா என்று கேட்காமல் யாரும் நடக் கூடாது.

கள்ளிக்கும் கள்ளக் கடத்தல்!

தங்கம் கடத்துவது தெரியும். சந்தனக் கட்டை கடத்துவதும் தெரியும். கள்ளியைக் கடத்துவது தெரியுமா?

2020-ல் இத்தாலியில் செனிகாலியா என்ற ஊரில் போலீசார் ஒரு வீட்டைச் சோதனை போட்டார்கள். உள்ளே ஆயிரத்துக்கும் மேற்பட்ட அபூர்வக் கள்ளிகள்! எல்லாம் சிலி நாட்டு அட்டகாமா பாலைவனத்தில் இருந்து பிடுங்கி வந்தவை. மதிப்பு பத்து லட்சம் யூரோவுக்கு மேல். உயிரோடு இருந்தவற்றில் 800-க்கு மேற்பட்ட செடிகளை 2021-ல் சிலிக்கே திருப்பி அனுப்பினார்கள்.

ஏன் இத்தனை கிராக்கி? காட்டுக் கள்ளி மெல்ல வளரும். பெரிய செடி வேண்டும் என்றால் நூறு வருஷம் காத்திருக்க வேண்டும். காத்திருக்க மனம் இல்லாதவன் பணத்தை நீட்டுகிறான். பணத்தைப் பார்த்தவன் காட்டில் கை வைக்கிறான்.

2015-ல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தினர் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். அவர்கள் ஆராய்ந்த கள்ளி இனங்களில் 100-க்கு 31 அழிவின் வாசலில் நிற்கின்றன. நிலத்தை அழித்து விவசாயம் செய்வதும், வீடு கட்டுவதும் காரணங்கள். சேகரிப்பவர்களின் ஆசையும் ஒரு முக்கியக் காரணம்.

சரவணம்பட்டியில் ஒருவர் செல்போனில் படம் பார்த்து ஒரு கள்ளி வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது விதையில் முளைத்த செடியா, காட்டில் பிடுங்கியதா? அவருக்குத் தெரியாது. தெரியாமலே அவர் அந்தக் கடத்தலுக்குப் பணம் கொடுத்தவர் ஆகலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

அபூர்வ உயிர்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்த "சைட்டிஸ்" என்ற உலக உடன்படிக்கை இருக்கிறது. இந்தியா 1976-ல் அதில் சேர்ந்தது. ஏறக்குறைய கள்ளி இனம் முழுவதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. சில இனங்கள் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கின்றன.

நமது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை 2022-ல் திருத்தினார்கள். திருத்தம் 2023 ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்தது. அந்த உலகப் பட்டியல் இப்போது நம் சட்டத்திலேயே இருக்கிறது. முதல் பட்டியல் செடிகளைப் பெருக்குகிறவர் லைசென்ஸ் கேட்டு மனுச் செய்ய வேண்டும்.

வெளிநாட்டில் இருந்து செடியோ விதையோ வந்தால், 2003-ஆம் ஆண்டு உத்தரவுப்படி இறக்குமதி அனுமதியும், நோய் இல்லை என்ற சான்றிதழும் வேண்டும். தபால் உறையில் பத்து விதை வந்தாலும் கவனம் தேவை. 2020-ல் பல நாடுகளில் கேட்காத விதைப் பொட்டலங்கள் தபாலில் வந்தபோது, இந்திய அரசும் எச்சரிக்கை விடுத்தது நினைவு இருக்கலாம்.

இன்னும் ஒன்று. தென் அமெரிக்கத் தூண் கள்ளிகள் சிலவற்றில் "மெஸ்கலின்" என்ற பொருள் இருக்கிறது. நம் நாட்டுப் போதைப் பொருள் சட்டம் அதைக் கட்டுப்படுத்துகிறது. பெயர் தெரியாத தூண் கள்ளியை யாரும் வாயில் வைக்கக் கூடாது.

கலப்புக்குக் கோவை காட்டிய வழி

இவ்வளவு ஆபத்து என்றால், கள்ளியே வேண்டாமா? அப்படிச் சொல்வது தவறு. காட்டுச் செடியைப் பிடுங்காமல், வீட்டிலேயே விதை போட்டுப் புது ரகம் உண்டாக்கினால் யாருக்கும் நஷ்டம் இல்லை. அதற்கு வழி காட்டியதே நம் கோவைதான்!

1912-ல் கோவையில் கரும்பு இனப்பெருக்கு நிலையம் ஏற்பட்டது. பார்பர் என்ற ஆங்கிலேயரும் வெங்கட்ராமன் என்ற தமிழரும் ஒரு காரியம் செய்தார்கள். தித்திப்பான கரும்பையும், காட்டில் வளரும் நாணல் போன்ற கரும்பையும் கலந்தார்கள். தித்திப்பு ஒரு பக்கம், உறுதி ஒரு பக்கம். 1918-ல் "கோ 205" என்ற ரகம் வெளிவந்தது. வட நாட்டுக் கரும்பு விவசாயத்தையே அது மாற்றியது.

"கோ" என்றால் கோவை. 205 என்பது அதன் எண். தாய் எது, தகப்பன் எது என்று ஏட்டில் பதிந்து வைத்தார்கள். அதனால்தான் அந்த வேலை உலகம் பூராவும் மதிக்கப்பட்டது.

கள்ளியிலும் இதே முறைதான். மாலையில் மொட்டு விரியும் முன்பு, தாய்ப் பூவின் மகரந்தப் பைகளை நீக்க வேண்டும். இரவில் வேறு கள்ளியின் மகரந்தத்தை மெல்லிய தூரிகையால் எடுத்து, சூல்முடியில் தடவ வேண்டும். பிறகு துணிப் பையால் மூடிக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் அந்துப்பூச்சி வந்து வேறு மகரந்தத்தைச் சேர்த்துவிடும். தாய் பெயர், தகப்பன் பெயர், தேதி மூன்றையும் எழுதி நூலில் கட்டித் தொங்கவிட வேண்டும்.

பழம் பழுத்ததும் விதையை எடுத்து மணலில் விதைக்கலாம். முளைத்த செடி பூக்கப் பல வருஷம் ஆகும். பொறுமை வேண்டும். ஜப்பானில் 1941-ல் வட்டனபே என்பவர் 10,000 நாற்றில் 2 நாற்று மட்டும் சிவப்பாக இருப்பதைக் கண்டார். பச்சை இல்லாத நாற்று தானாகப் பிழைக்காது. வேறு கள்ளியின் மேல் ஒட்டு வைத்தார். இன்று கடைகளில் பச்சைத் தண்டின் மேல் சிவப்புப் பந்து போல விற்கிறதே, அது அந்த வம்சம்தான். அதை ஒட்டு வைத்துத் தென் கொரியா பல நாடுகளுக்கு விற்றுக் காசு பார்க்கிறது.

நம் ஊர் நர்சரிக்காரர்களும், வீட்டில் இருக்கும் பெண்களும் செய்யக் கூடிய தொழில் இது. ஆனால் பெயர்ச் சீட்டு இல்லாத கலப்புக்கு மதிப்பே இல்லை. சந்தேகம் வந்தால் கேட்க இடமும் கோவையிலேயே இருக்கிறது. வேளாண்மைப் பல்கலைக் கழகத்தில் தாவரவியல் பூங்கா இருக்கிறது. இந்தியத் தாவர ஆய்வுத் துறையின் தென் மண்டல நிலையம் 1955 முதல் கோவையில் இயங்குகிறது. லட்சக்கணக்கான செடி மாதிரிகள் அங்கே பாதுகாப்பாக இருக்கின்றன.

வீட்டில் கள்ளி வளர்ப்பவர்களுக்கு

வாங்கும்போது "இது விதைச் செடியா? எங்கே வளர்த்தது? பெயர் என்ன?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிற கடையில் வாங்காதீர்கள்.

தொட்டியில் பாதிக்கு மேல் கரடு மணலும் சிறு கல்லும் இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைய விட்டால் வேர் அழுகும். புதுச் செடியைச் சில வாரம் தனியாக வையுங்கள். வெள்ளைப் பஞ்சு போலப் பூச்சி தெரிந்தால் மற்றச் செடியோடு சேர்க்காதீர்கள்.

எல்லாவற்றிலும் முக்கியம், கழித்த துண்டு. உடைந்த கள்ளியைக் காலி மனையிலோ, குளக்கரையிலோ, பள்ளத்திலோ வீசாதீர்கள். துண்டு பிழைத்துக்கொள்ளும். நன்றாகக் காய வைத்துச் சுருங்கிச் செத்த பிறகே அப்புறப்படுத்துங்கள். பழத்தைப் பறவை கொத்தும் முன்பு பறித்துவிடுங்கள்.

மலைக் காடுகளை இன்று மூடிக் கிடக்கும் உண்ணிச் செடி, ஒரு காலத்தில் தோட்டத்துப் பூச்செடியாகத்தான் இந்தியாவுக்குள் வந்தது. சீமைக் கருவேலத்தையும் யாரோ நல்லது என்று நினைத்துத்தான் விதைத்தார்கள். இத்தகைய அந்நியச் செடிகளை அகற்றத் தமிழக அரசு 2022-ல் தனிக் கொள்கையே வகுக்க வேண்டி வந்தது.

சப்பாத்திக்கள்ளியை ஒழிக்க நம் முன்னோர்களுக்கு 90 வருஷம் பிடித்தது. அடுத்த கள்ளியை ஒழிக்கும் வேலையை நம் பேரப் பிள்ளைகளுக்கு வைக்க வேண்டாம். ஆசையோடு வளர்ப்போம். பெயரோடு வளர்ப்போம். தொட்டிக்குள் வளர்ப்போம்.